கந்தப்பளை மரக்கறிக் கடைக்கு டிவிஆரா, என்விஆரா?

லீக்ஸ்காரன்:
வணக்கம். எங்களுடையது மரக்கறி மொத்தக் கடை. நாலு பழைய அனலாக் கமராக்கள், அவற்றின் படத்தைப் பதிகிற பெட்டியாக ஒரு டிவிஆர். போன மாதம் இடி இடித்த இரவோடு டிவிஆர் செத்துவிட்டது. கமராக்களை நண்பர் ஒருவருடைய டிவிஆரில் மாட்டிப் பார்த்தோம், நாலிலும் படம் வருகிறது. ஆனால் லொறியின் நம்பர் பிளேட் எப்போதுமே வெள்ளைப் பட்டையாகத்தான் தெரியும். இப்போது கீழே ரோட்டோரம் இருக்கிற கிழங்கு ஸ்டோருக்கும் ரெண்டு கமரா வேண்டும். வயர் போகிற வழி ஏறக்குறைய 150 மீற்றர். விசாரித்த கடையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு என்விஆர், அதாவது நெட்வேர்க் கமராவுக்கான பதிவுப் பெட்டி, போடச் சொல்கிறார்கள். ஒரு மாதப் பதிவாவது இருக்க வேண்டும், கணக்குத் தகராறு மாதக் கடைசியில்தான் வரும்.

ஹட்டன் வயர்மேன்:
தம்பி, பெட்டியை அப்புறம் பார்க்கலாம். கமராவுக்குப் போகிற வயரில் என்ன அச்சடித்திருக்கிறது?

லீக்ஸ்காரன்:
கறுப்பு கோஎக்ஸ் வயர், ஆர்ஜி 59. கமராவில் படத் தெளிவு 700 டிவிஎல் என்று ஸ்டிக்கர்.

ஹட்டன் வயர்மேன்:
அப்படியானால் வயரைத் தொடாதீங்க. குறை வயரில் இல்லை, கமராவில். அதே ஆர்ஜி 59இல் அதைவிடத் தெளிவான 1080பி எச்டி அனலாக் கமரா தாராளமாக ஓடும். லொறி வந்து நிற்கிற வாசலுக்கு மட்டும் புதுக் கமரா போட்டால் போதும், மற்றவை பிறகு பார்க்கலாம்.

வெறும் என்விஆரில் உங்கள் பழைய கமராக்களை மாட்டவே முடியாது. படம் கமராவிலேயே சுருக்கப்பட்டு நெட்வேர்க் வழியாக வந்தால்தான் அது பதியும். டிவிஆரில் அந்த வேலையைப் பெட்டி செய்கிறது. ரெண்டையும் ஏற்கிற எக்ஸ்விஆர்தான் உங்களுக்குச் சரி. ஆனால் கடைக்காரர் "ஐபியும் (நெட்வேர்க் கமராவும்) போடலாம்" என்று சொன்னதும் காசை எண்ணிவிடாதீங்க. எத்தனை ஐபி சனல் (ஒரு சனலுக்கு ஒரு கமரா), எட்டு சனல் பெட்டி என்றால் அது அந்த எட்டுக்கு மேலதிகமா அல்லது அனலாக் சனலை அணைத்துவிட்டுத்தான் கிடைக்குமா, படத்தை நன்றாகச் சுருக்குகிற எச்.265 உண்டா, வேறு கம்பனிக் கமராவை ஆன்விஃப் என்ற பொது முறை மூலம் எடுக்குமா என்று பெட்டியைத் திறந்து மெனுவில் காட்டச் சொல்லுங்க.

பண்டாரவளை நெட்வேர்க்:
அண்ணே சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு. ரெண்டு மூன்று வருடத்தில் எல்லாமே ஐபி ஆகத்தான் போகிறது என்றால் இன்றைக்கே என்விஆர் போடுவது லாபம். ஆனால் பிஓஇ போர்ட் (நெட்வேர்க் வயரிலேயே கமராவுக்குக் கரண்டும் கொடுப்பது) உள்ள என்விஆர் வேண்டாம். இடி வெளிக் கமரா வழியாக உள்ளே வந்தால் போவது அந்த போர்ட்தான், அதோடு பெட்டியே போகும். தனியாக ஒரு பிஓஇ சுவிட்ச் இருந்தால் சேதம் சுவிட்ச்சோடு நின்றுவிடலாம்.

ஹட்டன் வயர்மேன்:
சுவிட்ச் விஷயம் சரி. ஆனால் ஓடுகிற நாலு கமராவையும் சுவரில் போன வயரையும் குப்பையில் போடச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பண்டாரவளை நெட்வேர்க்:
ஸ்டோர் பக்கத்துக்காவது ஐபி போட விடுங்க. நெட்வேர்க் கேபிள் 100 மீற்றருக்கு மேல் நம்பக்கூடாது, அதனால் ஃபைபர்தான். ரெண்டு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வேர்ட்டர் (நெட்வேர்க் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கிற சிறு பெட்டி), கமராவுக்கு ஸ்டோரிலேயே கரண்ட். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்பதால் ஸ்டோர்ப் பக்கத்து இடி அந்த வயர் வழியாகக் கடைக்கு வராது. ஒன்று கவனம்: தாங்கலுக்காக இரும்புக் கம்பி வைத்த ஃபைபர் வயரும் விற்கிறார்கள், கம்பி இல்லாததைக் கேட்டு வாங்குங்க. மார்ச்-ஏப்ரலும் ஒக்டோபர்-நவம்பரும் நம்ம பக்கம் இடி எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

ஹட்டன் வயர்மேன்:
அதற்கு மறுப்பில்லை. எக்ஸ்விஆரில் ரெண்டு ஐபி சனல் இருந்தால் வேலை முடிந்தது.

லீக்ஸ்காரன்:
ஹார்ட் டிஸ்க் எவ்வளவு வேண்டும்?

ஹட்டன் வயர்மேன்:
ஒரு கமரா 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1 மெகாபிட்) வேகத்தில் ஓயாமல் பதிந்தால் நாளுக்கு 10.8 ஜிபி. ஆறு கமராவையும் எச்.265இல் 2 எம்பிபிஎஸ் வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 130, முப்பது நாளுக்கு 3.9 டிபி. 4 டிபி மட்டுமட்டாகத்தான் வரும், காசு இருந்தால் 6 போடுங்க. கணினிக்கு வாங்குகிற சாதா டிஸ்க் வேண்டாம். பர்ப்பிள், ஸ்கைஹோக் போல கமராப் பதிவுக்கென்றே வருவது எடுங்க.

நானுஓயா அக்கா:
மூடுபனியை யாரும் சொல்லவில்லையே! அசைவு இருந்தால் மட்டும் பதி என்று வைத்தால் கந்தப்பளையில் இரவு முழுக்கப் பனிதான் அசையும். இன்ஃப்ராரெட் வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி, படமே வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டில் கமராவின் இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு எல்ஈடி பல்ப் போட்டோம். ஆள் கறுப்பாகவாவது தெரிகிறது.

லீக்ஸ்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணன்மாரே. எக்ஸ்விஆர், ஸ்டோருக்கு ஃபைபர் என்று முடிவு. பழைய டிவிஆரின் ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது. அதையும் புதுப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாமா? போன மாதப் பதிவு கொஞ்சம் தேவைப்படுகிறது.

பண்டாரவளை நெட்வேர்க்:
போடாதீங்க! புதுப் பெட்டி ஃபோர்மட் பண்ணவா என்று கேட்கும், ஆமா என்று அழுத்தினால் எல்லாம் போச்சு. விண்டோஸ் கணினியில் போட்டாலும் பெரும்பாலும் திறக்காது, அங்கேயும் ஃபோர்மட் கேட்கும். அதே கம்பனியின், முடிந்தால் அதே மொடல் டிவிஆர் ஒன்றை இரவல் வாங்கி, அதில் போட்டு, வேண்டிய நாட்களை பென் டிரைவுக்கு எடுங்க. அதிலும் ஃபோர்மட் கேட்டால் வேண்டாம் என்று கொடுத்துவிட்டு இங்கே எழுதுங்க.