ட்ரெய்ன் போல்ட் வாஷரைத் திருப்பிப் போடலாமாம்!

ஸ்பேனர்சாமி: வீட்டுல ஆயில் மாத்துறவங்களுக்கு ஒரு மேதாவி டிப்ஸ் குடுத்திருக்கார்: "ட்ரெய்ன் போல்ட் வாஷரைத் திருப்பிப் போட்டா இன்னொரு ரவுண்டு வரும்." வராது சார். ட்ரெய்ன் போல்ட்னா பழைய ஆயிலை இறக்க இன்ஜின் அடியில கழட்டுற போல்ட்; அதுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல நசுங்கி, ஆயில் ஒழுகாம அடைக்கிற வளையம்தான் வாஷர். ஒரு தடவை நசுங்கின அலுமினிய வாஷர் இறுகிடும், மறுபடி நசுங்கி இடுக்கை அடைக்காது. சொட்டும். சொட்டினா என்ன பண்ணுவீங்க? இன்னும் இறுக்குவீங்க. ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல் காருக்கு போல்ட்டை இறுக்க வேண்டிய விசை 35 நியூட்டன் மீட்டர்தான். ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி மிதிச்சா மரை போச்சு. இருபது முப்பது ரூபா வாஷருக்கு மிச்சம் பிடிச்சு, போன மரைக்குப் பதிலா ஹெலிகாயில்னு கம்பிச் சுருள் மரை போடணும்.

கோவைபிஸ்டன்: அந்த மேதாவி நான்தான். வாஷரைச் செவக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினா புதுசு மாதிரி இளகிடும். பட்டறையில கேட்டுப் பாருங்க.

ஸ்பேனர்சாமி: அது செம்பு. நான் எழுதினது அலுமினியம். அலுமினியத்தைச் செவக்கக் காய்ச்சுங்க பார்ப்போம், செவக்குறதுக்கு முன்னாடி உருகி ஓடிடும்.

கோவைபிஸ்டன்: வாஷர் வாஷர்தான். போன மாசம் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம்) பேச்சுலயும் இதே வாய்தான், குழாய்த் தண்ணி போதும்னு சொன்னவர் யாராம்?

ஸ்பேனர்சாமி: டிஸ்டில்டு வாட்டர்னு எழுதினேன். கண்ணாடி மாத்துங்க. வாஷரையும் மாத்துங்க.

ரேடியேட்டர்ராணி: ரெண்டு பேரும் வேற வேற வாஷரைப் பேசுறீங்க. அதை விடுங்க, ஆயில் ஃபில்டரைப் பத்தி யாராவது சொல்லுங்களேன்.

ஸ்பேனர்சாமி: சொல்றேன்மா. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜின்லயே ஒட்டிக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்க. அது மேலயே புதுசை மாட்டினா ரெண்டு வளையம் ஆகும், ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் பீச்சும். புது வளையத்துல ஆயில் தடவி, வளையம் இன்ஜின்ல தொட்டு உக்கார்ந்ததுக்கு அப்புறம் கையாலயே முக்கால் சுத்து. ஸ்பேனர் வேண்டாம். வாஷரும் புதுசுதான் போடணும்.

டிப்ஸ்டிக்: 3.5 லிட்டர் கேனை அப்படியே ஊத்திடலாமா?

ஸ்பேனர்சாமி: கூடாது. ஃபில்டரோட சேர்த்தே சுமார் 3.1தான். 2.8 ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆயில் அளவு காட்டுற குச்சியைப் பாருங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. ஆயில் ரொம்ப ஏறினா உள்ள சுத்துற கிராங்க் தண்டு அடிச்சு நுரை கட்டும், பம்ப் காத்தை இழுக்கும்.

கோவைபிஸ்டன்: ஸ்டெப்னி ஜாக்கியில தூக்கிட்டு அடியில போகச் சொல்லுவார் அடுத்து.

ஸ்பேனர்சாமி: எங்க சொன்னேன்? லைனைக் காட்டுங்க! ஸ்டாண்டு குடுக்காம அடியில தலையை விடவே கூடாது. பேச்சை மாத்தாதீங்க, வாஷருக்கு வாங்க.

டிப்ஸ்டிக்: பழைய ஆயிலை சாக்கடையில...

ஸ்பேனர்சாமி: ஊத்தாதீங்க. காலி கேன்ல பிடிச்சு சர்வீஸ் சென்டர்ல குடுங்க. பிஸ்டன், அலுமினியம் பதில் எங்க?

கோவைபிஸ்டன்: திருப்பிப் போடுங்க. சொட்டாது.

ஸ்பேனர்சாமி: சொட்டும். கீழ அட்டையை விரிச்சு வைங்க.