வண்டி பேசுற இடத்துல மீன் விலை எதுக்கு?

தக்கலை எண்ணூறு:
நம்ம பழைய வண்டிக் குழு நிர்வாகி அண்ணன் கவனத்துக்கு. போன வாரம் ஒரு பையன் குழுவுல கேள்வி போட்டிருந்தான். கார்ப்பரேட்டர் வச்ச மாருதி 800. கொஞ்ச நாள் ஓட்டாம நிறுத்திட்டு எடுத்தா செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கிருது, பெட்ரோல் வாடையும் அடிக்குது, இருபது சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்னால இருக்குமான்னு கேட்டான். இங்க பாதிப் பேருக்கு உள்ள பிரச்சினை அது. அதுக்குக் கீழே வந்தது என்ன? குளச்சல்ல சாளை விலை, ஒரு வீடு பால்காய்ப்பு அழைப்பிதழ், ஏதோ கட்சிக்காரர் பேசின வீடியோ, கடைசியா களியக்காவிளை அண்ணன் போட்ட "பழைய இரும்புக் கடையில தூக்கிப் போட்டுட்டு பஸ்ல போ". மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் நடுவுல உருப்படியா பதில் எழுதியிருந்தார். அதை அந்தப் பையன் பார்த்தானாங்கறதே சந்தேகம். மெக்கானிக் அண்ணனும் இப்ப குழுவுல இல்லை, வெளியேறிட்டார்.

வண்டியைத் தவிர வேற பேச்சு எடுத்தா பதிவை நீக்கணும். அப்படி ஒரு விதி வேணும்.

முட்டம் கடற்காத்து:
மக்கா, மீன் விலை போட்டது நான்தான். ஒளிச்சு வைக்கதுக்கு என்ன இருக்கு.

ஆனா ஒண்ணு கேக்கேன். போன மழைக்கு நெத்திலி வாங்கின கதையை எழுதினேனே, ஓர்மை உண்டா? தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு டிக்கியில வச்சுக் கொண்டு வந்தேன். வீட்டுல வந்து ஸ்டெப்னியைத் தூக்கினா, அடியில உப்புத்தண்ணி கெட்டி நிக்கு. குழியில இருந்த ரப்பர் அடைப்பானைக் கழத்தி வடிய விட்டேன். தகரத்துல நகத்தை வச்சா பெயிண்ட் செதிலாட்டம் உரிஞ்சு வருது. அதைப் படிச்சிட்டு எத்தனை பேர் போய் அவனவன் டிக்கியைத் தொறந்து பார்த்தீங்க? மணவாளக்குறிச்சிக்காரர் ஒருத்தர் படம் போட்டார், அவர் வண்டியில ஓட்டையே விழுந்து கீழ ரோடு தெரிஞ்சுது. கடலோரத்து வண்டிக்கு துரு வெளிய இருந்துதான் ஏறும்னு எல்லாரும் அடியில கோட்டிங் அடிச்சுட்டு நிம்மதியா இருந்தோம். உள்ள இருந்தும் ஏறும்னு தெரிஞ்சது மீன் பேச்சுலதானே?

தக்கலை எண்ணூறு:
நல்ல பதிவுதான் அண்ணே, இல்லேங்கல. அதை இப்ப தேடி எடுங்க பார்ப்போம். "துரு"ன்னு தேடினேன், வரலை. "டிக்கி"ன்னு தேடினா யாரோ பழனிக்குப் போக லக்கேஜ் ஏத்தின படம் வருது. "நெத்திலி"ன்னு போட்டாத்தான் வருது. அடிச்சட்டி துருப்பிடிச்சு வர்றவன் நெத்திலின்னு தேடுவானா?

களியக்காவிளை டீசல்:
எனக்க பேரை இழுத்ததினால சொல்லுகேன். மீன், கல்யாணம், ரப்பர் விலை எல்லாம் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மனுசன் நாலு பேர் கூடின இடத்துல அதெல்லாம் உண்டும். எனக்கு ஆகாதது சோம்பேறிக் கேள்வியாக்கும். ஈ20 ஊத்தலாமா, மைலேஜ் குறையுமா, இதையே மாறி மாறி கேக்கியானுவ. மேல தள்ளிப் பார்த்தா பதில் கிடக்கு. 2014 ஜனவரியில உற்பத்தியே நின்னுபோன வண்டியை ஆசைப்பட்டு வாங்கத் தெரிஞ்சவனுக்கு அரை மணிக்கூர் இருந்து படிக்க முடியாதா? நான் சொன்னது தமாசு. அதுக்குப் போயி கண்ணைக் கசக்கினா என்ன செய்யதுக்கு?

டெக்னோபார்க் பஸ்:
திருவனந்தபுரத்துல இருந்து திரும்பி வர்ற வழியில எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா விட்டுருங்க.

இந்தச் சண்டை இன்டர்நெட் அளவுக்குப் பழசு. 1995 அக்டோபர்லயே இணையத்துல எப்படி நடந்துக்கணும்னு ஒரு வழிகாட்டி வந்தாச்சு, ஆர்எஃப்சி 1855னு பேரு. புதுசா ஒரு குழுவுல சேர்ந்தா ஒண்ணு ரெண்டு மாசம் சும்மா படி, அப்புறம் எழுதுன்னு அதுல இருக்கு. கோபம் வந்தா உடனே பதில் போடாதே, ஒரு ராத்திரி கழியட்டும்னும் அதுலயே இருக்கு.

களியக்காவிளை டீசல்:
பார்த்தியளா? படிச்சிட்டு கேளுன்னு 95லயே சொல்லியாச்சு. நான் சொன்னா மட்டும் குத்தம்.

டெக்னோபார்க் பஸ்:
நீங்க முதல் பாதியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவது பாதியை விட்டுட்டீங்களே அண்ணே. அதுவும் போக, அது செய்திக்குழுவும் மின்னஞ்சல் பட்டியலும் இருந்த காலத்துக்கு எழுதினது. பேட்டரி இறங்கி ஆரல்வாய்மொழியில நிக்கறவன் ரெண்டு மாசம் படிச்சிட்டா கேப்பான்?

வடசேரி அம்பாசடர்:
நான் இதுல அதிகம் எழுத மாட்டேன், எல்லாருக்கும் தெரியும். தம்பி எண்ணூறு கேட்ட விதி எனக்குச் சம்மதம் இல்லை.

2014ல உத்தர்பாராவுல அம்பாசடர் ஆலை நின்ன பிறகு சாமானுக்கு நான் அலையாத இடம் கிடையாது. என் வண்டி மார்க் 2. முன் கிரில் எப்படிக் கெடைச்சுதுன்னு சொல்லுதேன். மார்த்தாண்டத்துக்காரர் ஒருத்தர் மக கல்யாணத்துக்கு இங்க நான் வாழ்த்து எழுதினேன். அவர் ஃபோன்ல கூப்பிட்டு நன்றி சொன்னார். பேச்சோட பேச்சா, "அண்ணாச்சி, எங்க மாமனார் வீட்டு உரக்கூட்டுல ஒரு கிரில் கெடக்கு, உங்க வண்டிக்குச் சேருமா பாருங்க"ன்னார். கல்யாணப் பேச்சை நீங்க நீக்கியிருந்தா அந்தக் கிரில் இன்னைக்கும் உரக்கூட்டுலதான் கெடக்கும்.

ஆனா டீசல் தம்பி, "கண்ணைக் கசக்கினா"ன்னு எழுதினியே, அது வேண்டாம். அந்தப் பையன் வண்டி அவன் அப்பா ஓட்டினது. நேர்ல பார்த்தா இப்படிச் சொல்லுவியா? சொல்ல மாட்டே. டீ வாங்கிக் குடுத்து பானெட்டைத் தொறப்பே.

குலசேகரம் ஜீப்:
மீன் பேச்சு கூடுதலா குறைவாங்கறது ஆம்பளைங்களுக்கு உள்ள கவலை. நான் நடந்ததைச் சொல்றேன்.

கோதையாறு பக்கம் தோட்டத்துக்குப் போற மண்ணு ரோட்டுல எனக்க ஜீப்புக்கு ஃபோர் வீல் பிடிக்கலைன்னு கேட்டிருந்தேன். லிவர் போட்டாச்சு, முன்சக்கர ஹப்பும் லாக் பண்ணியாச்சு, அப்படியும் பின்சக்கரம் மட்டும் சுத்துதுன்னு தெளிவாத்தான் எழுதினேன். முதல்ல வந்த பதில் "வீட்டுல சாரைக் கேக்கச் சொல்லுங்க மேடம்". ரெண்டாவது பதில் ஒரு சிரிப்புப் பொம்மை. அது ரெண்டும் வண்டியைப் பத்தின பதிவுதானே? தக்கலைத் தம்பி கேக்கற விதிப்படி பார்த்தா ரெண்டும் சுத்தமான பதிவு, நீக்க வேண்டியதில்லை. அன்னைக்கு "மழை பலம், ரோட்டுல பார்த்து இறங்குங்க அக்கா, பிள்ளைகளை ஏத்திட்டுப் போவாதீங்க"ன்னு ஒருத்தர் எழுதினார். விதிப்படி அதைத்தான் நீக்கணும்.

தக்கலை எண்ணூறு:
அக்கா, அது நான் நினைச்ச விதி இல்லை. சரி, மட்டு மரியாதை இல்லாததையும் சேர்த்துப் போடுவோம். ஆனா ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை விட்டுரக் கூடாது. மெக்கானிக் அண்ணன் போனது கேலியினால மட்டும் இல்லை. ராத்திரி ஷெட்டைப் பூட்டிட்டு வந்து விரல்ல கிரீஸோட நீளமா டைப் பண்ணியிருக்கார். ஒரு மணி நேரத்துல அது பால்காய்ப்புக்கு அடியில போயிருச்சு. அதுக்கு மேல யார் எழுதுவா?

முட்டம் கடற்காத்து:
அவர் எழுதினதை நான் காப்பி பண்ணி வச்சிருக்கேன். இங்கயே போடுகேன், பால்காய்ப்பு இல்லாத இடமா கிடக்கட்டும்:

"நாள்பட நின்ன கார்ப்பரேட்டர் வண்டியில ஃப்ளோட் சேம்பர்ல, அதாவது கார்ப்பரேட்டருக்குள்ள பெட்ரோல் நிக்கிற கிண்ணத்துல, உள்ள பெட்ரோல் ஆவியாயிரும். இந்த வண்டியில மெக்கானிக்கல் பம்ப். இன்ஜின் சுத்தினாத்தான் பெட்ரோலை ஏத்தும். செல்ஃப் நேரம் எடுக்கறது ஈ20 இல்லாட்டியும் நடக்கும். ஆனா வாடை வருதுன்னா எங்க இருந்துன்னு பார்க்காம செல்ஃப் அடிக்காதே, தீப்பிடிச்சிரும். எத்தனாலுக்குத் தாங்காத பழைய ரப்பர் ஓஸ் ஊதி வெடிப்பு விடும். டேங்க்ல இருந்து கார்ப்பரேட்டர் வரைக்கும் ஓஸ் எல்லாத்தையும் மாத்து, பம்ப் டயஃப்ரமையும் பாரு. டேங்க்ல பல வருசமா படிஞ்ச பிசுக்கை எத்தனால் இளக்கிக் கொண்டு வந்து ஃபில்டரையும் ஜெட்டையும் அடைக்கும். அது ஈரத்தையும் இழுக்கும். அளவு மீறினா தண்ணியோட சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும். நம்ம ஊர்ல ரெண்டு மழையும் உண்டு. மாசக்கணக்குல நிறுத்தறதுன்னா பாதி டேங்கோட நிறுத்தாதே."

களியக்காவிளை டீசல்:
நல்ல பதில். இது எனக்கே அன்னைக்குக் கண்ணுல படல்ல.

தக்கலை எண்ணூறு:
அதைத்தானே அண்ணே முதல்ல இருந்து கத்திக்கிட்டு இருக்கேன்!

குழித்துறை கறுப்புக்கோட்டு:
அந்த வீடியோவைப் பத்தி யாரும் பேசல, நான் பேசுறேன். எல்லா வேற பேச்சும் ஒண்ணு கிடையாது. சாளை விலையால எவனும் எவனோடயும் பகையாக மாட்டான். 1982ல மண்டைக்காட்டு மதக்கலவரத்துல என்ன நடந்துதுன்னு இந்த மாவட்டத்துல யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். இந்தக் குழுவுல எல்லா மதத்துக்காரனும், எல்லாக் கட்சிக்காரனும் இருக்கான், வண்டி ஒண்ணுக்காக இருக்கான். மதமும் கட்சியும் மட்டும் எந்த உருவத்துலயும் வேண்டாம், தமாசாக்கூட.

உறுப்பினர் போட்ட பதிவுக்கு, நிர்வாகியா இருக்கிற ஒரே காரணத்துக்காக வாட்ஸ்அப் குழு நிர்வாகி மேல குற்றம் சுமத்த முடியாதுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் 2021லயும் கேரள உயர் நீதிமன்றம் 2022லயும் சொல்லியிருக்கு. அதனால நம்ம நிர்வாகி ஜெயிலுக்குப் போவாருங்கற பயத்துல நான் சொல்லல. போலீஸ் தேடி வராத விஷயம்னா செய்யலாமாங்கறதுதான் கேள்வி.

நிர்வாகி:
எல்லாத்தையும் வாசிச்சேன். ரெண்டு பக்கமா பிரிக்கப் போறேன். ஒண்ணு வண்டி, இன்னொண்ணு திண்ணை. மதம், கட்சி ரெண்டு பக்கத்துலயும் கிடையாது, பார்த்த உடனே நீக்குவேன். கேள்வி கேட்டவங்களை நக்கல் பண்ணினா அந்தப் பதிவும் போகும், எழுதினவர் ஒரு வாரம் வாசிக்க மட்டும்தான் முடியும். டீசல், இது உனக்கும்தான். ஜீப் அக்கா கேள்வியை நானே திரும்ப மேல ஏத்துறேன். மெக்கானிக் அண்ணனை நேர்ல போய்ப் பார்த்துக் கூப்பிடுறேன், வருவாரான்னு தெரியாது.

வடசேரி அம்பாசடர்:
பிரிக்கிறது எனக்குப் பிடிக்கல்ல. திண்ணையில கூட்டம் கூடும், வண்டிப் பக்கத்துல ஈ ஓட்டுவீங்க. செஞ்சு பாருங்க.

களியக்காவிளை டீசல்:
ஒரு வாரம்னா ஒரு வாரம். ஆனா ஏற்கெனவே பதில் இருக்கிற கேள்விக்கு "மேல பாரு"ன்னு சொன்னா அதுவும் நக்கலா?

நிர்வாகி:
எந்தப் பதிவுன்னு எடுத்துக் குடுத்துட்டுச் சொன்னா நக்கல் இல்லை.

முட்டம் கடற்காத்து:
எனக்கு ஒரு சந்தேகம். நேத்து ஆரல்வாய்மொழி தாண்டும்போது காத்து ஓம்னியை அப்படியே அடுத்த லேனுக்குத் தள்ளுது, ஸ்டியரிங்கை ரெண்டு கையிலயும் பிடிக்க வேண்டியதாப் போச்சு. இது எந்தப் பக்கம்?

நிர்வாகி:
வண்டி.

முட்டம் கடற்காத்து:
பயத்துல ஓரமா நிறுத்தி நுங்கு சாப்பிட்டேன். நல்ல இளசு. அது?

தக்கலை எண்ணூறு:
நுங்கைத் திண்ணையில வைங்க, காத்தை இங்க போடுங்க. எத்தனை ஆள் இருந்தீங்க, மேல கேரியர்ல சாமான் கெட்டியிருந்தீங்களா, டயர்ல காத்து எவ்வளவு வச்சிருந்தீங்க, அதையும் சேர்த்து எழுதுங்க. தலைப்புல "ஓம்னி, பக்கவாட்டுக் காத்து"ன்னு இருக்கணும்.