புதுப்பிப்பு: மறைமுக விளைவை எவ்வளவு நம்பலாம்?

முன்பு கேட்டது இதுதான்: ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் மீடியேஷன் தொகுப்போடு வரும் ஜாப்ஸ் 2 ஆய்வின் தரவில், வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததால் வேலை தேடும் தன்னம்பிக்கை கூடி, அதன் வழியே மனச்சோர்வு குறைந்தது (இதுதான் மறைமுக விளைவு) என்று வருகிறதே, அதை நம்பலாமா?

பயிற்சியைத்தான் சமவாய்ப்பு முறையில் கொடுத்தார்கள். தன்னம்பிக்கையை யாரும் அப்படிப் பங்கிடவில்லை. இயல்பிலேயே உற்சாகமான ஆளுக்கு நம்பிக்கையும் அதிகம், சோர்வும் கம்மி. இப்படி ஒளிந்திருக்கும் காரணிக்குப் பிரதிநிதிதான் ரோ, அதாவது இரண்டு மாடல்களின் (ஒன்று தன்னம்பிக்கையைக் கணிப்பது, மற்றது மனச்சோர்வைக் கணிப்பது) பிழைகளுக்கு இடையிலான ஒட்டுறவு. அதே தொகுப்பில் உள்ள மெட்சென்ஸ் ஃபங்ஷன் ரோவைப் படிப்படியாக நகர்த்தி, மறைமுக விளைவு எங்கே பூஜ்ஜியமாகிறது என்று காட்டும். இங்கே -0.2 பக்கத்திலேயே ஆகிவிடுகிறது. அதன் வர்க்கம் 0.04, அதாவது ஐந்தில் ஒன்றை ஐந்தில் ஒன்றால் பெருக்கியது. மாடல்கள் விளக்காமல் விட்ட மாறுபாட்டில் இரண்டு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கை அந்தக் காரணி விளக்கினாலே கதை முடிந்தது. என்னைக் கேட்டால், ரொம்ப மெல்லிய நூல்.

செய்து பார்ப்பவர்களுக்கு: ரோவின் படி 0.1 என்றுதான் முன்னிருப்பாக இருக்கும், பூஜ்ஜியமாகும் இடம் துல்லியமாகத் தெரிய 0.01 ஆக்குங்கள். ஆம்/இல்லை வகை மாறிக்கு லாஜிட் மாடல் கொடுத்தால் மெட்சென்ஸ் ஏற்காது (எரிச்சல்தான்!), அதே வகைக்கான இன்னொரு மாடலான புரோபிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.