சவுண்டல் (சூபாபுல்) தழை போட்டு முயலுக்கு முடி கொட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா?

ஒட்டன்சத்திரத்தான்:
மூட்டைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை. வேலியோரம் சும்மா கிடந்த சவுண்டலை ஒடித்துப் போட்டேன், குச்சி வரைக்கும் கொறித்துத் தள்ளின. மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் பார்த்தால் கூண்டுக் கம்பி முழுக்க வெள்ளை முடி, பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி. சரி, பெண் முயல் குட்டி போடப் போகிறது, முடியைப் பிய்த்து மெத்தை கட்டுகிறது என்று குட்டி போடும் பெட்டியைக் கழுவிக் காய வைத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்துக் கூண்டிலும் முடி. அதில் இருந்தது ஆண். முதுகைத் தடவினேன், கையோடு கொத்தாக வந்துவிட்டது. அடியில் ரோஸ் கலரில் வெறும் தோல். இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வேலிக்காரன்:
நான்கு வருஷமாக நானும் சவுண்டல்தான் போடுகிறேன், ஒரு முடி உதிரவில்லை. ஆடு தின்னவில்லையா? உங்களுடையது சொறியாக இருக்கும்.

மன்னவனூர் வாடிக்கை:
வேலிக்காரன், ஆட்டுக் கணக்கை முயலுக்குப் போடாதீர்கள். சவுண்டலில் மைமோசின் என்று முடியை உதிர வைக்கும் ஒரு நஞ்சு இருக்கிறது. ஆட்டின் பெருவயிற்றில் அதை உடைக்கும் கிருமி உண்டு, முயலுக்கு அந்தப் பெருவயிறே கிடையாது. ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கே அந்தக் கிருமி இல்லை என்று 1980களில் ஹவாய் ஆடுகளிடமிருந்து எடுத்துப்போய்க் கொடுத்தார்கள். உங்களுக்கு உதிரவில்லை என்றால் நீங்கள் புல்லும் சேர்த்துப் போடுகிறீர்கள், அவர் அது ஒன்றையே போட்டிருப்பார், அவ்வளவுதான். எனக்கும் ஒரு ஒயிட் ஜெயன்ட் இன முயலுக்குக் காதோரம் உதிர்ந்தது. மொத்தத் தீனியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். கொழுந்தைத் தள்ளிவிட்டு முற்றிய இலையைப் போடுங்கள், கொழுந்தில்தான் மைமோசின் அதிகம். மீதிக்கு வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். முயல் மசால் என்று பேரிலேயே முயலை வைத்துக்கொண்டு ஒரு செடி இருக்கிறது, அதை யாரும் நடுவதில்லை! எந்தத் தழையானாலும் காலையில் வெட்டி நிழலில் வாட விட்டுச் சாயங்காலம் போடுங்கள். கிளைரிசிடியாத் தழையை முதலில் மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கும், வாடினால் தின்னும்.

பட்டுக்கூடு:
கேட்காமலே இவ்வளவு ஆலோசனையா அண்ணா :) எங்கள் ஊரில் பட்டுப்புழு தின்று மிச்சமான மல்பெரிக் குச்சியைத்தான் போடுவேன். பட்டையை உரித்துத் தின்றுவிட்டுக் குச்சியை வெள்ளை வெளேரென்று போட்டுவிடும். ஒருமுறை புழுப் படுக்கையில் தூவிய சுண்ணாம்புப் பொடி குச்சியில் ஒட்டியிருந்தது, உதறினேன், கழுவவில்லை. மறுநாள் இரண்டு குட்டி வயிறு ஊதிக் கிடந்தன. பொடியா, வேறு ஏதாவதா, இன்றுவரை தெரியாது. இப்போது குச்சி கொண்டு வந்தால் முதல் வேலை தண்ணீர்த் தொட்டிதான்.

ஒட்டன்சத்திரத்தான்:
அண்ணா சொன்னது சரி, அது ஒன்றையேதான் போட்டேன். நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, ஆணுக்குப் பூனைமுடி மாதிரி முளைத்திருக்கிறது. பெண் சினையே இல்லையாம், நான்தான் பெட்டி கழுவி வைத்தேன். அப்புறம், முயல் மசால் விதை எங்கே கிடைக்கும்?