லடாக்கில் இருக்கும் தம்பிக்கு பார்சல்: ஆர்மி டிசைன் ஜாக்கெட் வாங்கலாமா?

பாலாற்றங்கரை:

வணக்கம். என் தம்பி அக்னிவீராகச் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, முதல் போஸ்டிங்காக லடாக் பக்கம் போயிருக்கிறான். வாணியம்பாடி வெயிலைத் தவிர வேறு எதையும் பார்த்திராத பையன். போன வாரம் போனில், "குளிர் பரவாயில்லக்கா" என்றான். ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை.

அவனுக்கு ஒரு பார்சல் அனுப்ப வேண்டும். ஆன்லைனில் ராணுவ டிசைன் போட்ட ஜாக்கெட் ஒன்று பார்த்தேன், 2,400 ரூபாய். மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். பச்சை அதிகமாக ஒன்று, பழுப்பு அதிகமாக ஒன்று என்று இரண்டு வகை இருக்கிறது. லடாக்குக்கு எது சரி? என் மகனுக்கு ஏழு வயது, மாமா மாதிரியே சட்டை வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அவனுக்கும் ஒரு செட் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

கூடவே அதிரசம், முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். முகவரியில் 56 ஏபிஓ என்று மட்டும்தான் இருக்கிறது, ஊர்ப் பெயரே இல்லை. கூரியர் கடையில் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*[படைப்பிரிவும் இடமும் எழுதியிருந்த ஒரு வரியை நீக்கியிருக்கிறேன். மட்டுறுத்துநர்]*

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

தங்கச்சி, அந்த வரியை எடுத்தவருக்கு முதலில் நன்றி. தம்பி எந்த பட்டாலியன், எந்த இடம் என்பதை இங்கே மட்டுமல்ல, வாட்ஸாப் ஸ்டேட்டஸில்கூடப் போடாதீர்கள். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் அந்த மூச்சு வாங்கல். லே ஊரே 11,500 அடி உயரம். கீழே இருந்து போகிறவனை நேரே மேலே ஏற்ற மாட்டார்கள். முதல் கட்டத்தில் ஆறு நாள் வைத்துப் பழக்குவார்கள், முதலில் ஓய்வு, பிறகு கொஞ்சம் நடை. அதற்கு மேல் போவதானால் இன்னும் நாலு நாள், அதற்கும் மேலே என்றால் மறுபடி நாலு நாள். ஒவ்வொரு கட்டத்திலும் டாக்டர் பார்ப்பார். நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருடம் இருந்தவன், இரண்டு முறை லடாக் போனேன். முதல் வாரம் ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே எனக்கும் மூச்சு வாங்கியது. பிறகு பழகிவிட்டது. அம்மா தூங்கட்டும்.

இப்போது ஜாக்கெட். வாங்காதீர்கள். பச்சையும் வேண்டாம், பழுப்பும் வேண்டாம்.

அவனுக்குக் குளிருக்கான உடையை ராணுவமே கொடுக்கிறது: உள்ளே போடுவது, நடுவில் போடுவது, காற்றுக்கு மேலே போடுவது, பனி பூட்ஸ், கையுறை எல்லாம். பனி மூடிய இடத்துக்கு வெள்ளை உடையே உண்டு. எந்த நிலத்துக்கு எந்த நிறம் என்பது அவனோ நீங்களோ தேர்ந்தெடுக்கிற விஷயம் இல்லை. நீங்கள் வாங்கி அனுப்பும் ஜாக்கெட்டை டியூட்டியில் போட விடமாட்டார்கள். பெட்டிக்கு அடியில் கிடக்கும், லீவுக்கு வரும்போது சுமையாகத் திரும்பி வரும். 2,400 ரூபாய் சும்மா வருவதில்லை.

வேறொரு காரணமும் இருக்கிறது. இப்போதுள்ள புதிய காம்பட் உடை 2022 ஜனவரி 15, ராணுவ நாள் அணிவகுப்பில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது, சின்னச் சின்னச் சதுரங்களாக இருக்கும். அந்த வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிறது. வெளியே தைத்து விற்க யாருக்கும் அனுமதி இல்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் நடந்த தாக்குதலில், உள்ளே வந்தவர்கள் போட்டிருந்தது ராணுவ உடை. அதற்குப் பிறகு இந்த டிசைனைப் பொதுமக்கள் போட வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. வீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையைப் போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. ஏழு வயதுப் பிள்ளையை யாரும் பிடிக்கப் போவதில்லை. ஆனாலும் அந்தத் துணியை எவன் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகிவிட்டால், வாசலில் சென்ட்ரி நிற்கிற பையனுக்கு வருகிறவன் நம்மவனா என்ற சந்தேகம் வரும். உங்கள் தம்பியும் ஒருநாள் அந்த வாசலில் நிற்பான். மருமகனுக்குச் சாதாரணப் பச்சை டி-ஷர்ட் எடுத்துக் கொடுங்கள்.

இது தம்பி லீவில் வரும்போது பயன்படும்: காம்பட் உடைக்குக் கஞ்சி போடாதீர்கள், வெண்மை கூட்டுகிற சோப்புத்தூளும் வேண்டாம். என் அம்மா ஒருமுறை ஆசை ஆசையாக என்னுடையதைச் சாதம் வடித்த கஞ்சியில் முக்கி, அட்டை மாதிரி விறைப்பாகத் தேய்த்து வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரவில் பார்க்கும் கருவியில் அப்படிப்பட்ட துணி தனியாகத் தெரியும். துணியில் போட்ட சாயமே அந்தக் கருவியை ஏமாற்றுவதற்காகத்தான். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி கிணற்றடியில் நானே அலசிக் காயப் போட்டேன்.

திருப்பூர் பின்னலாடை:

ஹவில்தார் ஐயா சொன்னதுதான் சரி. துணி அனுப்பியே ஆக வேண்டும் என்றால் உள்ளே போடுவதை மட்டும் அனுப்புங்கள் அக்கா. காட்டன் சாக்ஸ் வேண்டாம். நான் காட்டன் பனியன் தொழிலில் இருப்பவன், நானே சொல்கிறேன். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், அந்தக் குளிரில் ஈரம்தான் எதிரி. கம்பளி ஈரமானாலும் சூட்டை விடாது. கறுப்பு அல்லது ஆலிவ் பச்சையில் கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக. இறுக்கமாக இருந்தால் விரலுக்கு ரத்தம் சரியாகப் போகாது, பிறகு என்ன சாக்ஸ் போட்டும் பயன் இல்லை.

போளூர் அக்கா:

என் வீட்டுக்காரர் 99 ஏபிஓ-விலும் 56 ஏபிஓ-விலும் மாறி மாறி இருந்தவர். பதினோரு வருடமாக பார்சல் கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முகவரியில் ஊர் இல்லாததைப் பார்த்துப் பயப்படாதே. ஏபிஓ என்றால் ராணுவத் தபால் ஆபீஸ். ராணுவ நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, யூனிட், கேர் ஆஃப் 56 ஏபிஓ, 9-இல் தொடங்கும் பின்கோடு. அவ்வளவுதான், ஊர் பேரை நீயாகச் சேர்க்கவும் கூடாது. தனியார் கூரியர் அங்கே போகாது. தபால் ஆபீஸில் கொடு, அவர்கள் ராணுவத் தபாலிடம் சேர்ப்பார்கள், பிறகு அவன் எங்கே இருந்தாலும் தேடிப் போகும். எனக்கு 12 நாளில் போய்ச் சேர்ந்ததும் உண்டு, 40 நாள் ஆனதும் உண்டு. பொங்கலுக்குப் போக வேண்டும் என்றால் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு கட்டிவிடு. கெட்டுப்போகிற எதையும் வைக்காதே.

தேங்காய் எண்ணெயை எடுத்துவிடு. 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும், அங்கே அது கல்தான். உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாசலின் டப்பா இரண்டு வை. ஸ்ப்ரே, லைட்டர், பவர் பேங்க் எதுவும் வேண்டாம், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

ஊறுகாயும் வேண்டாம் தங்கம். நான் முதல் வருடம் நார்த்தங்காய் ஊறுகாயை பாட்டிலில் வைத்து, மூடிக்கு மேல் மெழுகு ஊற்றி, பாலிதீனில் சுற்றி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது கூடவே வைத்திருந்த கடிதமும் எங்கள் பெண்ணின் போட்டோவும் எண்ணெயில் ஊறிக்கிடந்தன. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, லேயில் நம்ம ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உள்ளே அடைபட்ட காற்று மூடியைத் தள்ளும், பாக்கெட்டைப் பந்து மாதிரி உப்ப வைக்கும். அதனால் எந்தக் கவராக இருந்தாலும் காற்றை நன்றாக அமுக்கி வெளியேற்றிவிட்டுக் கட்டு. நார்த்தங்காயை உப்பில் போட்டு வெயிலில் காய வைத்து அனுப்பு.

சாப்பாட்டுக்குப் பொடிதான் ராஜா. அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு லேசில் வேகாது, பசியும் குறைந்துபோகும். வாய்க்கு ருசியாக ஏதாவது இருந்தால்தான் சோறு இறங்கும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி. எண்ணெய் விடாமல் வறு, நன்றாக ஆறின பிறகு கட்டு. சுக்கும் கருப்பட்டியும் தட்டிச் சேர்த்தால் தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடித்துக்கொள்வார்கள். அதிரசம் குளிரில் இறுகிவிடும். கடலை மிட்டாய் அப்படியே இருக்கும்.

முறுக்கு நொறுங்காமல் போக ஒரு வழி சொல்கிறேன். பால் பவுடர் டப்பாவில் முறுக்கை அடுக்கி, இடுக்குகளில் பொரியைக் கொட்டி, டப்பாவை இரண்டு தட்டு தட்டி மறுபடி பொரி போடு. ஆட்டினால் சத்தமே வரக்கூடாது. சத்தம் வந்தால் உள்ளே இடம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு அட்டைப் பெட்டி, அதற்கு மேல் காடாத்துணி, சுற்றிலும் கோணி ஊசியால் தையல். துணியிலேயே அழியாத பேனாவால் முகவரி எழுதி, இன்னொரு சீட்டில் எழுதி உள்ளேயும் போடு. துணி கிழிந்தாலும் அது காப்பாற்றும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தனுக்கு என்று கட்டாதே, பத்துப் பேருக்குக் கட்டு. பார்சல் வந்தால் செக்‌ஷன் முழுக்க வந்து உட்கார்ந்துவிடும் என்பார் இவர்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் செக்‌ஷனில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் நாலும் உண்டு. எந்த வீட்டுப் பார்சல் என்று பிரிக்கும்போதே வாசனையில் தெரிந்துவிடும்.

கடிதம் மறக்க வேண்டாம். போனில் டவர் கிடைத்தால் பேச்சு, கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. பெரிய விஷயம் எதுவும் தேவையில்லை. எந்த மாடு கன்று போட்டது, பாலாற்றில் தண்ணீர் வந்ததா, தெருவில் யார் வீட்டில் கல்யாணம், இதெல்லாம் எழுதுங்கள். பையன் பென்சிலில் ஒரு படம் வரைந்து கொடுக்கட்டும். என் மகள் வரைந்த ஒரு கோழிப் படம் இரண்டு குளிர்காலம் என் பங்கர் சுவரில் ஒட்டியிருந்தது.

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஜாக்கெட் ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். அந்தப் பணத்தில் கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, மூன்று கிலோ பொடி, கடலை மிட்டாய், சுக்கு, கருப்பட்டி. அம்மாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து தைத்தோம். அம்மா டப்பாவை நாலு தடவை காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். மகன் ராணுவ வண்டி வரைந்து, ஓட்டுகிற இடத்தில் மாமாவை உட்கார வைத்திருக்கிறான்.

பாலாற்றங்கரை:

23 நாளில் கிடைத்துவிட்டது, நேற்று பேசினான். இப்போது மூச்சு வாங்கவில்லை. கறிவேப்பிலைப் பொடியைப் பக்கத்துக் கட்டில் கோட்டயத்துப் பையன் எடுத்து வைத்துக்கொண்டானாம், இன்னொரு டப்பா வேண்டுமாம். பொரியும் மிச்சம் இல்லை. பார்சலில் தைத்திருந்த நூலைப் பிரித்துச் சுற்றி வைத்திருக்கிறான், பட்டன் தைக்க. அடுத்த முறை ஒரு ஊசியும் கறுப்பு நூல்கண்டும் சேர்த்து வைக்கச் சொன்னான்.