ஆலாவுக்குத் தடிமன் பிடிக்குமா?

முல்லைக்கரையான்:
நேற்றைய காற்றுக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில், கரைவலை குவித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆலா (கடற்பறவை) விழுந்து கிடந்தது. மஞ்சள் அலகு, பின்தலையில் கறுப்புக் கொண்டை. சிறகு முறிந்த மாதிரித் தெரியவில்லை, ஆனால் எழும்பவில்லை. காட்போட் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது பிரச்சினை, அலகு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, இடைக்கிடை தலையை உதறுகிறது, என் போன் திரையெல்லாம் துளி, காய்ந்ததும் வெள்ளையாகப் படிகிறது. அப்பப்பா பார்த்துவிட்டு “தடிமன் பிடிச்சிட்டுது, கொத்தமல்லி அவிச்சுப் பருக்கு” என்கிறார். பகிடியா உண்மையா என்று அவரிடம் எப்போதுமே தெரியாது. பாண் போட்டேன், தொடவில்லை.

உவர்நிலம்:
காய்ந்ததும் வெள்ளை என்று விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது உப்பு. கடற்பறவைகள் கடல்நீரையே குடிக்கும், அவ்வளவு உப்பையும் அவற்றின் சிறுநீரகத்தால் தனியே வெளியேற்ற முடியாது. அதற்கென்று கண்ணுக்கு மேலே இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன, இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, கடல்நீரை விட உப்புக் கூடிய நீராக மூக்குத் துளை வழியே விடும். 1950களில் க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். ஆகவே தடிமன் இல்லை, கொத்தமல்லியை அப்பப்பாவே குடிக்கட்டும். பாணை எடுத்துவிடுங்கள், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். பெட்டியில் துளையிட்டு இருட்டில் அமைதியாக விடுங்கள். நாளைக்கும் எழும்பாவிட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

சம்மாட்டிமகன்:
தம்பி, அதைக் கவனமாகப் பாரும். மீள்குடியேறி வந்த புதிதில் எங்களிடம் மீன் காட்டும் கருவி ஒன்றும் இல்லை, ஆலாதான் கருவி. ஒன்றிரண்டு உயரத்தில் சுற்றினால் அதை நம்பிப் போகக் கூடாது. கூட்டமாக ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழும்பினால் கீழே சூரையோ பாரையோ சின்ன மீனை மேலே துரத்துகிறது என்று அர்த்தம், படகைத் திருப்ப வேண்டியதுதான். ஆனால் நடுவால் ஓட்டினால் மீன் தாழ்ந்துவிடும், ஓரத்தால் போக வேண்டும். அப்பா இதற்காகவே எனக்கு எத்தனை தரம் ஏசியிருப்பார்.

தலைமன்னார்க்காற்று:
எங்கள் பக்கம் ராமர் பாலத்து மணல் திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலில்தான் முட்டையிடும். ஆள் நடந்தால் தாய் எழும்பிவிடும், அந்த வெயிலில் முட்டை அவிந்துபோகும். 2015இல் அது தேசியப் பூங்காவானதற்கு இந்தப் பறவைகளும் ஒரு காரணம். அப்புறம், மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களின் முதுகில் ஜிபிஎஸ் பொருத்தி விட்டார்கள், அவை இந்தியாவைக் கடந்து ரஷ்யாவின் வடதுருவக் கரைக்கே போயின. நாங்கள் வாடியில் மீன் குடல் எறிய வந்து சண்டை பிடிக்கிற அதே கடற்காகம்! அதைக் கேட்டதிலிருந்து கல்லெறிகிற பெடியளுக்கு நான் ஏசுவதுண்டு.

முல்லைக்கரையான்:
எல்லாருக்கும் நன்றி. காலையில் கரைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தோம். ஐந்து நிமிடம் நின்றது, தலையை உதறியது, அப்பப்பாவின் சாரத்தில் எச்சமிட்டுவிட்டுக் காற்றுக்கு எதிராக எழும்பிப் போய்விட்டது. தடிமன் இல்லை என்று சொன்னேன். “கொத்தமல்லி மணத்துக்கே மாறியிருக்கும்” என்கிறார்.