‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ கிட்டார் சத்தம் எங்கள் தறிப்பட்டறையில் ஏன் வரமாட்டேன் என்கிறது?

கொண்டலாம்பட்டிக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் கொண்டலாம்பட்டியில் அப்பாவுக்கு எட்டு விசைத்தறி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றுவது, அதாவது தறிக்கான ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவது, என் வேலை. எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். இயர்போனில் இளையராஜா போட்டால் புல்லாங்குழல் காணாமல் போய்விடும்.

2005இல் கூடப் படித்த ஏற்காட்டு நண்பன் ஒரு எம்பி3 சிடி கொடுத்தான். அதில்தான் என்டூம்ட் என்ற ஸ்வீடன் குழுவின் முதல் ஆல்பம் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ இருந்தது. உறுமும் குரலும் கனத்த கிட்டாருமாக வரும் அந்த இசைக்கு டெத் மெட்டல் என்று பெயர், அது என்னவென்றே எனக்கு அப்போது தெரியாது. பட்டறையில் நின்றுகொண்டு போட்டேன். மற்ற எல்லாப் பாட்டையும் விழுங்கிய தறிச் சத்தம் இதை விழுங்கவில்லை. அந்தக் கிட்டார் தறியோடு சேர்ந்து ஓடியது. ஒன்பதாவது தறி ஒன்று வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அதற்கு மேலே எல்.ஜி. பெட்ரோவின் குரல். அன்றிலிருந்து இந்த ஆல்பத்தை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. 2021 மார்ச் 7ஆம் தேதி பெட்ரோவ் புற்றுநோயில் இறந்தார், வயது 49தான். செய்தி தெரிந்த இரவு பட்டறையில் தனியாக உட்கார்ந்து பத்துப் பாட்டையும் வரிசையாகக் கேட்டேன்.

இப்போது தறிகள் இல்லை. கட்டுப்படியாகாமல் அப்பா எடைக்குப் போட்டுவிட்டார். காலிப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் வாசிக்கிறோம். நான் கிட்டார், என் தங்கை மகன் இன்னொரு கிட்டார், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் டிரம்ஸ். ஆல்பத்தின் பெயரிலேயே இருக்கும் அந்த முதல் பாட்டை ஒருமுறையாவது உருப்படியாக வாசித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

அந்தச் சத்தத்துக்கு பாஸ் கம்பெனியின் எச்எம்-2 பெடல்தான் (கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைத்துச் சத்தத்தை மாற்றும், காலால் அழுத்தும் சின்னப் பெட்டி) காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெங்களூரில் ஒருவரிடம் பழைய ஜப்பான் பெடலே கிடைத்தது. கறுப்புப் பெட்டி, ஆரஞ்சு எழுத்து. நான்கு குமிழையும் முழுதாகத் திருகி வைத்தேன். டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி கேட்கிறது. அடி வயிற்றில் இறங்கவே இல்லை. பெடலில் இருக்கும் விளக்குகூட மங்கலாகத்தான் எரிகிறது. 9 வோல்ட் அடாப்டர், கிட்டாரில் மெல்லிய 9 கேஜ் கம்பி, ஆம்ப்பிலும் (கிட்டார் ஒலிபெருக்கி) டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு பாதிக்கு மேல். சுருதியை நன்றாக இறக்கியிருக்கிறேன். கூரை ஆஸ்பெஸ்டாஸ். எங்கே தவறு செய்கிறேன்?

அடிவாரம்72:

தம்பி, விளக்கு மங்கலாக எரிகிறது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. பெடலைத் திருப்பி அடியில் பாருங்கள், ‘ஏசிஏ’ என்று போட்டிருக்கும். அந்தக் காலத்து ஜப்பான் பெடல்களுக்கு வேறு மாதிரி அடாப்டர், அது 12 வோல்ட் கணக்கு. உள்ளே மின்சாரத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் உண்டு. இன்றைய 9 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் அந்த 9இலிருந்தும் குறைந்துதான் உள்ளே போகும். பெடலுக்குப் பாதி மூச்சுதான். நாளைக்கே ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கிப் போடுங்கள். பேட்டரி மின்சாரம் அந்த ரெசிஸ்டர் வழியாகப் போவதில்லை.

அடுத்து, ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை அணைத்து விடுங்கள், அல்லது லேசாக மட்டும் வையுங்கள். இந்தப் பெடல் அடிச் சத்தத்தையும், ஆயிரம் ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள நடுச் சத்தத்தையும் தானே தூக்கிக் கொடுக்கும். ரம்பம் அறுப்பது போன்ற அந்தக் கடி இந்த நடுவிலிருந்துதான் வருகிறது. அதன் மேல் ஆம்ப்பும் சேர்ந்து கடித்தால் குளவிதான் மிஞ்சும். 9 கேஜ் கம்பியை அவ்வளவு கீழே இறக்கினால் கொடிக் கயிறு மாதிரி தொளதொளக்கும். இன்னும் தடித்த 11 அல்லது 12 போடுங்கள்.

நான்கு குமிழையும் முழுதாகத் திருப்பியது சரிதான், அதை மாற்றாதீர்கள். என்டூம்ட்டுக்கு முன்னால் அவர்கள் நிஹிலிஸ்ட் என்ற பெயரில் இருந்தபோது கூட வாசித்த லீஃப் கஸ்னர்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தவர் என்பார்கள். ஹெவி மெட்டலுக்கென்று 1983இல் வந்த பெடல் இது, 1991இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ஸ்டாக்ஹோம் பையன்கள் அதை வைத்து ஒரு ஊருக்கே தனிச் சத்தம் உண்டாக்கிவிட்டார்கள். 2021இல் கம்பெனியே மறுபடி புதிதாக வெளியிட்டது.

அம்மாபேட்டை டிரம்ஸ்:

அடிவாரம் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பெடலை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எச்எம்-2 வாங்கியவர்கள் ஆயிரம் பேர், அந்த ஆல்பம் ஒன்றுதான்.

1989 டிசம்பரில் சன்லைட் ஸ்டூடியோவில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெரி பதிவு செய்தபோது டிரம்ஸ் வாசித்த நிக்கே ஆண்டர்சனுக்கு வயது 17. பெட்ரோவுக்கும் 17தான். பெட்ரோவே அடிப்படையில் டிரம்மர், முன்பு மார்பிட் என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். நிக்கேயின் கையைக் கவனித்துக் கேளுங்கள். அதே காலத்தில் ஃபுளோரிடாவிலிருந்து வந்த மார்பிட் ஏஞ்சலின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் நறுக்கு நறுக்கென்று துல்லியமாக விழும். இங்கே பங்க் என்ற முரட்டு ராக் இசையின் டி-பீட் தாளம் ஓடுகிறது, உருண்டு புரண்டு முன்னால் தள்ளும். வேகத்தைவிட அந்தத் தள்ளல்தான் முக்கியம். உங்கள் கொலுசுப் பட்டறை நண்பர் எல்லா இடத்திலும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தால் எந்தப் பெடலும் காப்பாற்றாது.

தறிப்பட்டறையில் வளர்ந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊடை நூலோடு தறியில் ஓடும் நாடா இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. ஒன்று லேசாக ஓங்கியிருக்கும். எங்கள் வீட்டிலும் தறி ஓடியது. டி-பீட்டை நான் பழகியது அந்த அடியை நினைத்துக்கொண்டுதான்.

பாட்டின் நான்காவது நிமிடத்துக்கு அப்புறம் எல்லாம் மெதுவாகி ஒரு மெட்டு வருமே, 1979இல் வந்த ‘ஃபாண்டசம்’ என்ற பேய்ப் படத்தின் இசை அது. அங்கே ஸ்னேர் டிரம்மை அவசரப்படுத்தக் கூடாது. என் கணக்கில் அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் இந்தப் பாட்டு.

நாகலூர் காப்பி:

அண்ணா, உங்கள் மூவரில் பேஸ் கிட்டார் யார்? ஒருவரும் இல்லையே!

அந்த ஆல்பம் பதிவானபோது அவர்களுக்கும் நிரந்தர பேஸ் ஆள் இல்லை என்பது உண்மை. நிஹிலிஸ்டில் பேஸ் வாசித்த ஜானி ஹெட்லுண்ட் பிரிந்துபோய் அன்லீஷ்ட் குழுவைத் தொடங்கிவிட்டார். ஆனாலும் ஆல்பத்தில் பேஸ் இருக்கிறது, குழுவில் இருந்தவர்களே வாசித்துக்கொண்டார்கள். வயிற்றில் இறங்கவில்லை என்கிறீர்களே, அந்த இடம் பேஸுடையது. உங்கள் மருமகனிடம் பேஸைக் கொடுத்துப் பாருங்கள். கோபித்துக்கொள்வார், கொடுங்கள்.

இன்னொன்று அந்தக் கூரை. ஆஸ்பெஸ்டாஸும் வெறும் சுவரும் இருந்தால் கூர்மையான சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப மோதி காதைக் கிழிக்கும். சுவரில் கனமாக எதையாவது தொங்க விட வேண்டும். ஏற்காட்டு மலையில் எங்கள் காப்பித் தோட்டத்தில் பழைய சணல் சாக்குகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. இரண்டு மூன்று அடுக்காகச் சேர்த்துத் தைத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொங்க விடுங்கள். காசெல்லாம் வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டலாம்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஞாயிறு, வாசித்துவிட்டு நேராக இங்கே வருகிறேன்.

பெடலுக்கு அடியில் ஏசிஏ என்றுதான் இருந்தது. பேட்டரி போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. 11 கேஜ் கம்பி கட்டினேன், ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை அணைத்தேன். கிட்டாரில் முதல் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) அடித்தபோது முன்பு தறி நட்டிருந்த போல்ட் குழிகளில் கிடந்த தூசி எழும்பியது. கொலுசு நண்பன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அப்பா வீட்டிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார். அவருக்குக் காது பாதிதான் கேட்கும். “எந்தத் தறி ஓடுது?” என்று கேட்டார்.

டி-பீட் இன்னும் சரியாக வரவில்லை. நாடா அடியை நினைத்து அடி என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் அவன் கொலுசுக்காரன், தறியில் நின்றதில்லை. அம்மாபேட்டை நண்பரே, ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து காட்ட முடியுமா? கொண்டலாம்பட்டி ரவுண்டானாவுக்கு வந்து அழைத்துப்போகிறேன். மருமகன் பேஸுக்குச் சம்மதித்துவிட்டான், ஒரே நிபந்தனை, அந்தக் கடைசி மெட்டை அவன்தான் கிட்டாரில் வாசிப்பானாம்.

நாகலூர் தம்பி, புதன்கிழமை கடைக்கு விடுமுறை. காலையிலேயே பைக்கில் கிளம்பி மலையேறி வருகிறேன். பைக்கில் எத்தனை சாக்கு கட்டலாம்?